தெமோதரையில் 80 சதவீதத்தில் நின்றுபோகும் டிஜிட்டல் இலங்கை

இலங்கையில் டிஜிட்டல் மயமாக்கல் பற்றிய அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. அரச நிறுவனங்களுக்கான கொடுப்பனவுகளை இணையவழியில் செலுத்தும் ‘கவ்பே’ 2025 பெப்ரவரி 7ஆம் திகதி ஆரம்பிக்கப்பட்டது. அதே வருடம் ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையச் சேவை நாட்டுக்குள் வந்தது. இந்திய நிதியுதவியுடனான டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் தொடர்ந்து பேசப்பட்டுவருகிறது. டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென்று தனி அமைச்சே இருக்கிறது.

இந்த அறிவிப்புகளை ஒட்டி நடக்கும் விவாதங்களில் இரண்டு கேள்விகள்தான் அதிகம் கேட்கப்படுகின்றன. எத்தனை பேரிடம் கருவி இருக்கிறது? எத்தனை பேருக்கு சிக்னல் கிடைக்கிறது? இரண்டுமே முக்கியமான கேள்விகள். ஆனால் கருவியும் இருந்து, சிக்னலும் ஓரளவு இருந்து, அப்படியிருந்தும் வேலை முடியாமல் போகும் ஓர் இடம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மென்பொருளைக் கணினிக்குள் கொண்டுவந்து இறக்கி, பிரித்து, பொருத்தித் தரும் சிறு செயலியான இன்ஸ்டோலர்தான் அந்த இடம்.

இது கணினிப் பொறியியலாளர்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதே எனது வாதம். ஓர் இன்ஸ்டோலரை உருவாக்கும்போது எடுக்கப்படும் ஐந்தாறு தீர்மானங்கள், மலையகத் தோட்டத்திலுள்ள ஒரு பிள்ளை அந்த மென்பொருளைப் பயன்படுத்துவாளா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடுகின்றன. அந்தத் தீர்மானங்களை எடுப்பவர்கள் பெரும்பாலும் அறுந்துபோகாத இணைப்பில் உட்கார்ந்திருப்பவர்கள்.

மலையைச் சமதரையாக நினைத்துக்கொள்ளும் வடிவமைப்பு

எல்லவுக்கும் ஹாலிஎலவுக்கும் இடையில், தேயிலை மலைகளின் மடிப்புக்குள் இருக்கிறது தெமோதரை. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளுக்கு இந்தப் பெயர் தெரியும். ரயில் ஆர்வலர்களுக்கு இங்குள்ள சுற்றுப்பாதையைத் தெரியும். ரயில் நிலையத்தைக் கடக்கும் தண்டவாளம் மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கத்தின் வழியாக வெளியேறுகிறது. தலைப்பாகையைச் சுற்றிக் கட்டிய ஒரு தோட்டத்துக் கங்காணியைப் பார்த்துத்தான் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை இங்கே பரவலாகச் சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, பாதையைப் போட்டவர்கள் மலையை மலையாகவே எடுத்துக்கொண்டார்கள். 1924இல் ரயில் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

இணையத்தில் நாம் இறக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இந்த நிலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. குரோம் உலாவியை எடுத்துக்கொள்ளுங்கள். கூகுளின் பக்கத்தில் நாம் முதலில் இறக்குவது உலாவியை அல்ல, சில எம்.பி. அளவிலான சிறு இன்ஸ்டோலரைத்தான். அதைத் திறந்த பிறகுதான் அது இணையத்துக்குப் போய் உண்மையான உலாவியை இறக்குகிறது. இணைப்பு இல்லாத கணினிக்கென்று முழு இன்ஸ்டோலரும் இருக்கிறது. ஆனால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நிறுவனங்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த முறைக்கு நியாயம் உண்டு. பயனருக்கு எப்போதும் புதிய பதிப்பே கிடைக்கும். 32 பிட்டா 64 பிட்டா என்று அவர் மண்டையை உடைக்கத் தேவையில்லை. இதெல்லாம் இணைப்பு நிலையாக இருக்கும் வரைதான்.

தெமோதரைத் தோட்டமொன்றில், முன்பு பிள்ளைக் காம்பராவாக இருந்த ஓர் அறையில் ஆறு பழைய கணினிகள் இருக்கின்றன. கொழும்பில் அலுவலகமொன்று கழித்துவிட்டவை. பின்னேரங்களில் சாதாரண தர, உயர்தர மாணவர்கள் இங்கே வருகிறார்கள். கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்தான் இணையம். மேட்டுப் பக்கத்து ஜன்னலோரம் தொலைபேசியை வைத்தால் சிக்னல் கிடைக்கும், மழை இறங்கினால் அதுவும் போய்விடும். கடந்த வருடம் முதல் நான் இங்கே பல தடவை போய்வந்திருக்கிறேன். இதே தோட்டத்தில் பிறந்து, இன்று கொழும்பில் மென்பொருள் துறையில் வேலை செய்யும் ஓர் இளைஞர் இந்த அறைக்கென்று ஓர் இன்ஸ்டோலரை எழுதிக்கொண்டிருக்கிறார். தனது பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இந்தக் கட்டுரையிலுள்ள தொழில்நுட்ப விளக்கங்களில் பலவற்றை அவர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

80 சதவீதத்தின் கணக்கு

லிப்ரே ஒஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளை உதாரணமாக எடுப்போம். விண்டோஸுக்கான அதன் இன்ஸ்டோலர் ஏறத்தாழ 350 எம்.பி. இருக்கும். தரவிறக்கம் 80 சதவீதத்தில் அறுந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால் 280 எம்.பி. வீணாகிவிடும். இரண்டு தடவை அறுந்து மூன்றாவது தடவை முடிந்தால், 350 எம்.பி. மென்பொருளுக்கு 910 எம்.பி. செலவாகியிருக்கும். ஆறு கணினிகளும் தனித்தனியாக இறக்கினால், ஒரு தடவைகூட அறாவிட்டாலும் 2.1 ஜி.பி. தேவை.

இந்தச் செலவை யார் தலையில் கட்டுகிறோம்? நீண்ட போராட்டத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது 2024 செப்டெம்பரில்தான். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில்தான் 1750 ரூபா என்ற தொகை வந்தது, அதிலும் 200 ரூபா அரசாங்கம் கொடுக்கும் வருகைக் கொடுப்பனவு. இந்த வருமானத்தில் வாங்கப்படும் டேட்டாவில் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின் மட்டுமே செல்லுபடியாகும். பகல் டேட்டா முடிந்த பிறகு இரவு டேட்டா சும்மா கிடந்து காலாவதியாவது இங்கே வழமையான விடயம்.

அறுந்த இடத்திலிருந்து தொடர்வது புதிய தொழில்நுட்பம் ஒன்றுமல்ல. ஒரு கோப்பின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் கேட்டு வாங்கும் வசதி, இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்.ரி.ரி.பி. நெறிமுறையில் 1990களிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. “என்னிடம் 280 எம்.பி. இருக்கிறது, மீதியை அனுப்பு” என்று கேட்டால் சேவையகம் மீதியை மட்டும் அனுப்பும். கேட்பதற்கு இன்ஸ்டோலரை எழுதியவர் நினைத்திருக்க வேண்டும். அனுப்புவதற்குச் சேவையகத்தைப் பராமரிப்பவர் அனுமதித்திருக்க வேண்டும்.

தெமோதரை இன்ஸ்டோலர் கோப்புகளை 8 எம்.பி. துண்டுகளாக இறக்குகிறது. எங்கே அறுந்தாலும் ஒரு துண்டுக்கு மேல் நட்டமில்லை. இரவு 12 மணிக்குப் பிறகு மட்டும் இறக்கு என்று அதற்குச் சொல்லிவைக்கலாம். ஒரு கணினி இறக்கியதை மற்ற ஐந்தும் அறைக்குள்ளேயே உள்ள வலையமைப்பில் எடுத்துக்கொள்கின்றன. தொடங்குவதற்கு முன் எத்தனை எம்.பி. இறங்கும், வன்தட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று இரண்டையும் காட்டிவிட்டுத்தான் அனுமதி கேட்கிறது.

சுருக்குவதிலும் ஓர் அரசியல்

மென்பொருள் பொதிகள் சுருக்கப்பட்ட நிலையில்தான் வருகின்றன. திரும்பத் திரும்ப வருவதை ஒரு தடவை எழுதி, மற்ற இடங்களில் “முன்பு சொன்னதே” என்று குறிப்பதுதான் சுருக்குதலின் அடிப்படை. யூனிகோட் முறையில் சேமிக்கும்போது ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ‘கி’ போன்ற ஓர் எழுத்து, மெய்யும் உயிர்க்குறியுமாக 6 பைட் பிடிக்கும். சுருக்கும்போது இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. ஆகவே தமிழ் உள்ளடக்கத்தைச் சுருக்காமல் அனுப்பினால், தமிழில் படிப்பவரே அதிகம் செலவழிக்க வேண்டியிருக்கும்.

எந்தச் சுருக்கு முறை என்பதும் யாருடைய வசதியைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆர்ச் லினக்ஸ் 2019 இறுதியில் எக்ஸ்.இஸட். முறையிலிருந்து இஸட்-ஸ்டாண்டர்ட் முறைக்கு மாறியது. பொதிகளின் மொத்த அளவு 0.8 சதவீதம் அளவில் கூடியது, பிரிக்கும் வேகமோ 1300 சதவீதம் வரை அதிகரித்தது என்று அப்போது அறிவித்தார்கள். நல்ல இணைப்பு உள்ளவர்களுக்கு இது இலாபமான பேரம். வேறு சில பொதிகளில் அளவு வித்தியாசம் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். தெமோதரையில் அந்த இளைஞர் பழைய எக்ஸ்.இஸட். முறையையே வைத்துக்கொண்டார். “பிரிக்க ரெண்டு நிமிஷம் கூடப் போனா நம்ம புள்ளைங்க இருப்பாங்க அக்கா. டேட்டா கூடப் போனாத்தான் நமக்கு அடி” என்றார்.

சுருக்கினால் எல்லாம் சிறிதாகிவிடும் என்பதும் தவறு. மாணவர்கள் அதிகம் கேட்பது கடந்தகால வினாத்தாள்களை. அவற்றில் பல, காகிதத்தை ஸ்கேன் செய்த படங்களாகவே பி.டி.எஃப். கோப்புக்குள் இருக்கின்றன. படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஸிப் கோப்புக்குள் போட்டாலும் பெரிதாகக் குறையாது. வினாத்தாளை எழுத்தாகவே வெளியிட்டால் அளவு பல மடங்கு குறையும். கட்புலன் குறைந்த பிள்ளைகள் திரைவாசிப்பான் மூலம் கேட்கவும் முடியும். இது வெளியிடுபவர்கள் செய்ய வேண்டிய வேலை, இன்ஸ்டோலரால் சரிசெய்ய முடியாதது.

பிரிக்கும்போது நடப்பவை

பொதி இறங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். இந்த அறையில் அதிக தடவை பிரச்சினை வந்தது அதற்குப் பிறகுதான்.

முதலாவது, இடம். சுருக்கிய பொதியும் பிரித்த கோப்புகளும் சிறிது நேரத்துக்கு ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கணினியின் நிறைந்துபோன வன்தட்டில் பாதி பிரிந்த நிலையில் இடம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, பெயர். ஸிப் உருவானது 1989இல். கோப்புப் பெயர்கள் அன்றைய அமெரிக்கக் கணினிகளின் எழுத்துத் தொகுதியில் இருக்கும் என்றே அது எடுத்துக்கொண்டது. பெயர்கள் யூனிகோடில் இருக்கின்றன என்று குறிக்கும் வழி 2006இல்தான் அதன் விதிமுறைக்குள் வந்தது. அந்தக் குறியைப் போடாத செயலியில் சுருக்கினாலோ, கவனிக்காத செயலியில் பிரித்தாலோ ‘வரலாறு’ என்று பெயரிட்ட கோப்பு புரியாத குறிகளாக வரும். தமிழில் பெயர் வைத்தால் கணினியில் வேலை செய்யாது என்று பிள்ளைகள் நம்பத் தொடங்குவது இப்படியான இடங்களில்தான்.

மூன்றாவது, மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கினால் நாடே இருளில் மூழ்கியது. மலையகத்தில் ஒரு மரம் சாய்ந்தாலே போதும். பிரித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கலந்து, இரண்டுமே வேலை செய்யாமல் போகும். இதற்கான தீர்வும் பழையதுதான். வேறொரு கோப்புறையில் முழுவதையும் பிரித்து, சரிபார்த்து, கடைசியில் பெயரை மட்டும் மாற்றுவது. இடையில் மின்சாரம் போனால் பழைய பதிப்பு அப்படியே இருக்கும்.

நான்காவது, பாதுகாப்பு. பொதிக்குள் இருக்கும் ஒரு கோப்பின் பெயரிலேயே ‘இரண்டு கோப்புறை மேலே போய் எழுது’ என்று தந்திரமாகக் குறித்துவைக்கலாம். இன்ஸ்டோலர் அதைச் சரிபார்க்காமல் பிரித்தால் கணினியின் வேறு இடத்திலுள்ள கோப்பு அழிந்து, அந்த இடத்தில் தீங்கான கோப்பு உட்காரும். 2018இல் ‘ஸிப் ஸ்லிப்’ என்ற பெயரில் இந்தக் குறைபாடு வெளிச்சத்துக்கு வந்தபோது, பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களிலும் அது இருப்பது தெரியவந்தது.

கைமாறும் பொதிகள்

தோட்டப் பகுதிகளில் செயலிகள் இணையத்திலிருந்து வருவதைவிடக் கைமாறி வருவதே அதிகம். பதுளை நகரத்துக் கடையில் பென்ட்ரைவில் ஏற்றிக்கொடுப்பார்கள். தொலைபேசியிலிருந்து தொலைபேசிக்கு ஷெயாரிட் மூலம் போகும். டேட்டா இல்லாத இடத்தில் மக்களே கண்டுபிடித்த விநியோக முறை இது. அதைக் குற்றமாகப் பார்ப்பதில் பயனில்லை. ஆபத்து இல்லையென்றும் சொல்ல முடியாது. கைமாறும் வழியில் யாராவது பொதியைத் திறந்து ஏதாவது சேர்த்திருந்தால் வாங்குபவருக்குத் தெரியாது. இணையவழிப் பணமோசடிகள் பெருகியிருக்கும் காலத்தில் இது சின்ன விடயமல்ல.

இதற்குத்தான் கோப்பின் ‘கைரேகை’. ஒரு கோப்பு முழுவதையும் கணக்கிட்டு 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு வரியாக்கும் முறை இருக்கிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த வரி முற்றிலும் மாறிவிடும். பொதிகளின் கைரேகைப் பட்டியல் சில கே.பி.தான் இருக்கும். அதை வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பத்துடன் பாதுகாப்பாக இணையத்திலிருந்து எடுத்துவிட்டால், பெரிய பொதி எந்த வழியில் வந்தாலும் பரவாயில்லை. பென்ட்ரைவ், நண்பனின் மடிக்கணினி, பஸ்ஸில் வரும் வன்தட்டு எதுவானாலும் கைரேகை பொருந்தினால் நிறுவலாம், பொருந்தாவிட்டால் நிராகரிக்கலாம். மக்கள் ஏற்கெனவே செய்வதைத் தடுக்காமல் அதைப் பாதுகாப்பானதாக்கும் வழி இதுதான்.

கைரேகை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2024 மார்ச்சில், மேலே சொன்ன எக்ஸ்.இஸட். மென்பொருளுக்குள்ளேயே ஒருவர் இரகசியக் கதவொன்றை வைத்திருந்ததை ஆன்ட்ரேஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர் கண்டுபிடித்தார். அங்கே கையொப்பமிட்டவரே நம்பிக்கைக்குரியவராக இருக்கவில்லை. அதே வருடம் ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான இற்றைப்படுத்தலால் உலகம் முழுவதும் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அது அந்த நிறுவனமே நேரடியாக அனுப்பியதுதான். ஆகவே பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி ஒவ்வோர் இன்ஸ்டோலரிலும் இருக்க வேண்டும். விமான நிலையங்களுக்கே அது தேவைப்பட்டது என்றால் தெமோதரைக்குத் தேவையில்லை என்று எப்படிச் சொல்வது?

முன்பே செய்தவர்கள்

இணைப்பில்லாதவர்களைக் கணக்கில் எடுப்பது கற்பனை அல்ல. உபுண்டு லினக்ஸை இலவச சீடீயாகத் தபாலில் அனுப்பும் திட்டம் 2011 வரை இருந்தது. நமது நாட்டிலேயே தனிஷ்க நவின் போன்றோரின் முயற்சியில் ‘ஹந்தான லினக்ஸ்’ உருவானது. கண்டி ஹந்தானை மலைத்தொடரின் பெயரைக் கொண்ட அது, பெடோரா லினக்ஸை அடிப்படையாக வைத்து, சாதாரண பயனருக்கும் பாடசாலைகளுக்கும் தேவையான மென்பொருள்களை ஒரே தட்டுக்குள் சேர்த்துக் கொடுத்தது. நிறுவிய பிறகு ஒவ்வொன்றாக இணையத்தில் தேடி இறக்க வேண்டிய தேவை குறைந்தது.

இந்தியாவின் ரித்தேஷ் ராஜ் சராஃப் உருவாக்கிய ‘ஆப்ட்-ஒஃப்லைன்’ இன்னும் நேரடியான உதாரணம். டெபியன், உபுண்டு கணினிகளுக்கானது. இணையமில்லாத கணினி தனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு சிறு கோப்பில் எழுதிக்கொடுக்கும். அதை இணையமுள்ள வேறொரு கணினிக்கு எடுத்துச் சென்றால், அது எல்லாவற்றையும் இறக்கி ஒரே பொதியாகக் கட்டித் தரும். திரும்பக் கொண்டுவந்து கொடுத்தால், இணையமில்லாத கணினி சரிபார்த்து நிறுவிக்கொள்ளும். இணைப்பில்லாத கணினி எப்போதும் பழைய, பாதுகாப்பற்ற பதிப்பில்தான் கிடக்கும் என்பவர்களுக்கு இது பதில். கடைக்குச் சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுவது போன்ற ஏற்பாடு. தோட்டத்தில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கேரளாவில் 2001இல் தொடங்கி இன்று ‘கைட்’ என்ற பெயரில் இயங்கும் அரச நிறுவனம், பாடசாலைகளுக்கென்றே பாடத்திட்டத்துக்கு ஏற்ற மென்பொருள்களை உள்ளடக்கிய லினக்ஸ் பதிப்பை வெளியிட்டுவருகிறது. ஓர் ஆசிரியர் ஒவ்வொரு மென்பொருளாகத் தேடி அலைய வேண்டியதில்லை. அரசாங்கம் நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இது அயலில் உள்ள உதாரணம். விக்கிப்பீடியாவை இணையமில்லாமல் வாசிக்க உதவும் ‘கிவிக்ஸ்’ செயலியும் இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியா படங்களுடன் 100 ஜி.பி. அளவில் வரும். தமிழ் விக்கிப்பீடியா அதைவிட மிகச் சிறியது, பென்ட்ரைவில் கொண்டுபோகலாம்.

கோபுரம் வந்தால் போதாதா?

கவரேஜ் கூடும்போது இந்தப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும் என்று என்னிடம் சிலர் சொன்னார்கள். கோபுரங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொவிட் காலத்தில் லுணுகலையில் பிள்ளைகள் மலையுச்சியிலுள்ள மரவீட்டில் ஏறி ஒன்லைன் வகுப்புக்குப் போன படங்கள் 2021இல் உலக ஊடகங்களில் வந்தன. நாட்டின் 43 இலட்சம் மாணவர்களில் 40 சதவீதமானோரால் மட்டுமே அந்த வகுப்புகளில் பங்கேற்க முடிந்தது என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் அப்போது சொன்னார். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவை நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்து வெளியிடும்போது தோட்டம்தான் கடைசியில் நிற்கிறது. கோபுரம் அவசியம்.

ஆனால் கோபுரமும் அறும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மண்சரிவுகளில் உயிர்கள் போயின, வீதிகள் மூடுண்டன, மலையக ரயில் பாதை சேதமடைந்தது, தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டது. அப்படியான நாட்களில் நிவாரண விண்ணப்பம், வானிலை எச்சரிக்கை, பாடப்புத்தகம் எல்லாமே இணைப்பு இருந்தால்தான் திறக்கும் என்றால், அந்தச் சேவை மிகத் தேவையான நேரத்தில் இல்லாமல் போகிறது. இணைப்பு கூடுவதும், இணைப்பு அறுந்தாலும் தாங்கும் மென்பொருளும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல.

மொழியும் ஒரு பொதிதான்

தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று என்று 1987 முதல் அரசியலமைப்பில் இருக்கிறது. அலுவலகத்தில் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் முறைப்பாடு செய்கிறோம். கணினித் திரையில் ஆங்கிலத்தில் மட்டும் பிழைச் செய்தி வரும்போது அதை மொழியுரிமையாக நாம் பார்ப்பதில்லை.

நான் அறையில் இருந்த ஒரு நாள், தரவிறக்கம் நின்று ஒரு பிழை இலக்கம் மட்டும் திரையில் வந்தது. உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி உடனே கையை எடுத்துவிட்டு, “நான் ஒண்ணும் செய்யல டீச்சர்” என்றாள். இயந்திரத்தின் பிழையைத் தனது பிழையாக எடுத்துக்கொண்டாள். இப்போது அதே இடத்தில் இந்தச் செய்தி வருகிறது: “இணைப்பு அறுந்துவிட்டது. இதுவரை இறங்கிய 280 எம்.பி. பத்திரமாக இருக்கிறது. சிக்னல் வந்ததும் இங்கிருந்தே தொடரும்.” என்ன நடந்தது, எது நட்டமாகவில்லை, அடுத்து என்ன என்ற மூன்றையும் சொல்லும் மூன்று வசனங்கள். எழுத ஐந்து நிமிடம் போதும். சிங்களத்திலும் அதே ஐந்து நிமிடம்தான். எல்ல பகுதியின் சிங்களக் கிராமங்களிலும் பிள்ளைகள் இதே ஆங்கிலச் செய்தியின் முன்னால்தான் விழிக்கிறார்கள்.

கேட்க வேண்டியவை

ஒரு தன்னார்வ இளைஞர் ஓர் அறைக்குச் செய்வதை வைத்து மாவட்டத்துக்கே தீர்வு வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அவருக்கு வேலை மாறினால், வெளிநாடு போனால், இதைப் பராமரிக்க ஆள் இல்லை. ஆகவே இது அரச கொள்கைக்குள் வர வேண்டிய விடயம். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. அரசாங்கம் மக்கள் பணத்தில் ஒரு செயலியையோ கல்வி மென்பொருளையோ வாங்கும்போது கேள்விப்பத்திரத்தில் சில நிபந்தனைகளைச் சேர்த்தால் போதும்.

இணையமில்லாமல் நிறுவக்கூடிய முழுப் பொதி பகிரங்கமாகக் கிடைக்க வேண்டும். அறுந்த தரவிறக்கம் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இறங்கும் அளவையும் பிடிக்கும் இடத்தையும் முன்கூட்டியே காட்ட வேண்டும். கையொப்பமிட்ட கைரேகைப் பட்டியல் ஒவ்வொரு பதிப்புடனும் வெளியிடப்பட வேண்டும். இற்றைப்படுத்தல் பிழைத்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடிய வேண்டும். செய்திகள் மூன்று மொழிகளிலும் இருக்க வேண்டும்.

விநியோகத்துக்கான இடங்களையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. 2000களின் நடுப்பகுதியில் தொடங்கப்பட்ட ‘நெனசல’ அறிவகங்கள் 2014இல் கேட்ஸ் மன்றத்தின் சர்வதேச விருதைப் பெற்றவை. எஞ்சியிருக்கும் அறிவகங்களிலும், பாடசாலைக் கணினி அறைகளிலும், தோட்டங்களின் பொது நூலகங்களிலும் ஒரு வன்தட்டில் இந்தப் பொதிகளை வைத்து மாதமொரு தடவை புதுப்பித்தால், தோட்டத்துப் பிள்ளை டேட்டா செலவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. இதைப் பராமரிக்கும் திறமை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

மலையகப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் டிஜிட்டல் திட்டங்கள் பற்றிப் பேசும்போது எத்தனை மடிக்கணினி, எத்தனை ஸ்மார்ட் வகுப்பறை என்று கேட்கிறார்கள். அடுத்த தடவை இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். கொடுக்கப்படும் மென்பொருளை மழைநாளில் தெமோதரையின் லயன் அறையொன்றிலிருந்து, 80 சதவீதத்தில் இணைப்பு அறுந்த நிலையில், யாராவது நிறுவிப் பார்த்தார்களா? பார்த்திருந்தால் அதன் முடிவைச் சபையில் சமர்ப்பிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.